பேச்சோசையில் எழுந்த பாட்டு: இலங்கைத் தமிழ்ப் பொப்பும் அதன் கவித்துவமும்

இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல் 1960களின் பிற்பகுதியில் உருவெடுத்து, 1970களில் உச்சம் தொட்டது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதன் இரு பெரும் பெயர்கள். முன்னவர் தாமே எழுதித் தாமே பாடியவர். பின்னவர் அந்தப் பாணியை இலங்கைக்கு வெளியே கொண்டுபோய், ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்றும் ‘சிலோன் மனோகர்’ என்றும் பெயர் பெற்றவர். இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குரலையும் தாளத்தையும் மேடை ஆட்டத்தையுமே பேசுகிறார்கள். பாட்டின் சொல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் இந்தப் பாடல்கள் அரை நூற்றாண்டு தாண்டி நிற்பதற்குச் சொல்லே முதற் காரணம். அந்தச் சொல்லை ஈழத்துக் கவிதையின் ஒரு கிளையாகவே வாசிக்க வேண்டும்.

அந்தத் தாளத்தின் வேர் பைலா. 1505இல் வந்து 1658 வரை கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரோடும், அவர்கள் அழைத்துவந்த ஆபிரிக்கரோடும் வந்து சேர்ந்த ஆடல்பாடல் மரபு இது. அதன் பழைய வடிவமான கப்ரிஞ்ஞாவை மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் தங்கள் திருமணங்களில் ஆடுகிறார்கள். பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். வாத பைலா என்ற போட்டி வடிவமும் அதனோடு வளர்ந்தது. ஒரு பொருளைக் கொடுத்தவுடன் இரண்டு பாடகர் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே வரி கட்டி, ஒருவரை ஒருவர் மடக்கவேண்டும். தஞ்சைப் பக்கத்து லாவணியைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. சொல் தடுமாறினால் தோல்வி என்பதால், பைலாப் பாடகன் முதலில் சொற்காரனாக இருந்தாக வேண்டும்.

கிற்றார் வேறு வழியால் வந்தது. 1950கள், 60களில் ஹரி பெலபொன்ரேயின் கலிப்சோவும் லத்தீன் அமெரிக்கக் குழுக்களின் இசைத்தட்டுகளும் கொழும்பு இளைஞரை ஈர்த்தன. நோயல் ரணசிங்கவின் ‘லா சிலோனியன்ஸ்’ போன்ற குழுக்கள் அந்தப் பாணியில் சிங்களப் பாட்டுப் பாடின. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தார். இலங்கையில் றொக் இசைக்காரர் ஒருவரைப் பாடலாசிரியர் என்ற நிலையில் முதலில் நினைக்கவேண்டுமானால் அவரைத்தான் நினைக்கவேண்டும். 1943இல் பிறந்து 1996இல் மறைந்த அவர், தம் மெட்டுக்குத் தாமே எளிய பேச்சுச் சிங்களத்தில் வரி எழுதியவர். அவருடைய குழுவின் தொடக்க வெற்றிகளில் ஒன்று ‘மெங்கோ நெந்தா’. மாம்பழ மாமி ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. ‘களு மாமா’ இன்னொன்று. மாமாவும் மாமியும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்.

காலமும் துணைசெய்தது. 1967 ஜனவரி 5ஆம் திகதி இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தமிழ்ச் சேவை தமிழகத் திரைப்பாடலை ஒலிபரப்பிக் கடல் கடந்தும் புகழ்பெற்றிருந்தது. உள்ளூர் மெல்லிசைக்கும் இடம் கொடுத்தது. 1970இல் அமைந்த அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழகத்துப் படங்களும் சஞ்சிகைகளும் வருவது குறைந்தது. ஈழத்து நாவல், சிறுசஞ்சிகை, திரைப்படம், நாடகம் எல்லாம் அந்த இடைவெளியில் மூச்சுவிட்டன. பொப் பாடலும் அப்படித்தான். தட்டுப்பாட்டுக் காலம் எல்லாருக்கும் கடுமையாக இருந்தது. பாண் வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். உள்ளூர்ப் பாடகனின் குரலுக்குச் செவிகொடுக்க ஊர் ஆயத்தமானதும் அதே காலத்தில்தான்.

நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக இருந்த 1960களில் இந்தப் பாணியில் பாடத் தொடங்கினார். பல பகுதிகளிலிருந்தும் வந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே விடுதியில் வாழ்ந்த இடம் அது. அங்கே இரவில் எழும் பாட்டு, பாடுகிறவனை மட்டும் நம்பி இருக்காது. சுற்றியிருப்பவர்கள் மேசையில் தட்டித் திருப்பிப் பாடக்கூடிய வரி வேண்டும். ஒரு தடவை கேட்டதும் மனத்தில் ஏற வேண்டும். சிரிப்பும் வர வேண்டும். அவருடைய பாட்டின் கட்டமைப்பு முழுவதும் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததாகவே தோன்றுகிறது.

‘சின்ன மாமியே’ அதற்குச் சிறந்த சான்று. வாசலில் வந்து நிற்கும் மருமகன், மாமியின் செல்ல மகள் எங்கே என்று விசாரிக்கிறான். மாமி அவனை உருகி வரவேற்று, மகள் படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள். இதற்குமேல் கதை சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் மருமகன் என்பவன் கேட்கும் உரிமையோடு வருகிறவன். மாமியின் மகள் அவனுக்கு மச்சாள், முறைப்பெண். அவன் கேட்பது சாதாரணக் கேள்விபோல் இருந்தாலும் அதன் அடியில் ஓர் உரிமைக்குரல் இருக்கிறது. மாமியின் பதிலில் தாய்ப்பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை எங்கே போய் முட்டப்போகிறது என்பதைக் கேட்பவன் மாமிக்கு முன்னமே ஊகித்துவிடுகிறான். மகள் பாட்டுக்குள் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. மேடையில் இல்லாத அந்தப் பெண்ணைச் சுற்றியே இரண்டு குரல்களும் சுழல்கின்றன. நல்ல நாடக ஆசிரியன் ஒருவனின் கைவேலை இது. பெண்கள் படிக்கப்போவது வழக்கமாகிவிட்ட ஒரு சமூகத்தின் பதற்றமும் இதற்குள் இருக்கிறது. ஆணின் பக்கமிருந்து மட்டுமே அது சொல்லப்பட்டது என்பது இந்தப் பாட்டின் குறை. 1960களின் விடுதிப் பாட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது என்றாலும் குறை குறைதான்.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இன்னொரு வகை. குடிக்காதே என்று புத்தி சொல்லும் பாட்டுகள் தமிழில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து பேசுகின்றன. இந்தப் பாட்டில் சொல்கிறவன் கெஞ்சுகிறான். தவறணைக்குப் புறப்பட்டவனின் வழியை மறித்து மன்றாடும் குரல் அது. அறிவுரை மன்றாட்டாக மாறியதும் கேட்பவனுக்கு அதில் ஒரு குடும்பமே தெரியவருகிறது. துள்ளும் தாளத்தில் இதைப் பாடியதால் சிரிப்பும் துயரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கலியாண வீட்டில் குடித்துவிட்டு ஆடுகிறவர்களே இந்தப் பாட்டுக்கும் சேர்ந்து ஆடுவதை ஈழத்தவர் எல்லாரும் கண்டிருப்பார்கள்.

தாளத்துக்குள் சொல் அமர்ந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டநின்று பார்க்கலாம். பைலாவின் நடை ஆறு எண்ணிக்கை, மும்மூன்றாகப் பிரியும். தமிழில் இதற்குத் திஸ்ர நடை என்று பெயர். கும்மியும் காவடிச் சிந்தும் இந்த நடையில் பழகியவை. ஆகவே போர்த்துக்கேயத் தாளம் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படவில்லை. அதற்கும் மேலே ஒன்று உண்டு: ஈழத்துப் பேச்சே பல இடங்களில் இந்த நடையில் விழுகிறது. ஒழுங்கை வாசலில் சாதாரணமாகக் கேட்கும் ஒரு வாக்கியத்தை எடுப்போம்: ‘என்ன மாமி இந்தக் கோவம்?’ ஒவ்வொரு சொல்லும் ஒரு நெட்டசை, ஒரு குற்றசை. இரண்டும் ஒன்றுமாக மூன்று எண்ணிக்கை. நான்கு சொல்லும் சேர்ந்து பைலாவின் இரண்டு வட்டத்தைச் சரியாக நிரப்பிவிடும். ஒரு சொல்லையும் நீட்டவோ குறுக்கவோ தேவையில்லை. மாமி, மாமா, தம்பி, தங்கை, அண்ணை, அக்கா என்ற விளிகளில் பெரும்பாலானவை இதே வாய்ப்பாட்டில் அமைவதால், யாரையாவது கூப்பிட்டாலே தாளம் தொடங்கிவிடுகிறது. உறவுப் பெயர்கள் இந்தப் பாடல்களில் இவ்வளவு நிறைந்திருப்பதற்கு உறவுப்பற்று மட்டும் காரணமில்லை, ஓசையும் காரணம். எதுகை மோனையைப் பாடலாசிரியர்கள் விட்டுவிடவும் இல்லை. வரி முனையில் இயைபு வந்து விழும் இடத்தில்தான் கூட்டம் சேர்ந்து பாடும்.

இந்தக் காலத்தை ஈழத்துக் கவிதை வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்பான ஒற்றுமை தெரியும். ‘மஹாகவி’ என்ற து. உருத்திரமூர்த்தியின் ‘குறும்பா’ நூல் வெளியானது 1966இல். ஐந்தடியில் அமைந்த அங்கதக் கவிதைகள் அவை. ஆங்கிலத்து லிமரிக் வடிவத்தைத் தமிழ் யாப்புக்குள் இழுத்து, அதில் ஈழத்து மனிதர்களை நடமாடவிட்டார். செய்யுளைப் பேச்சோசைக்குக் கிட்டக் கொண்டுவந்தவர் என்பதே எம். ஏ. நுஃமான் முதலான விமர்சகர்கள் மஹாகவிக்குத் தரும் முதன்மைப் பெருமை. அதே ஆண்டுகளில், வெளியிலிருந்து வந்த ஒரு குறுவடிவத்தை எடுத்து, அதில் பேச்சோசையை ஏற்றி, ஊர் மனிதர்களை வைத்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் செய்தவர்கள் பொப் பாடகர்கள். ஒருவர் நூலில் செய்ததை மற்றவர்கள் கிற்றாரில் செய்தார்கள். மஹாகவி 1971இல் மறைந்தார். அவருடைய இடம் இலக்கிய வரலாற்றில் உறுதியாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பொப் பாடலோ கேளிக்கைப் பக்கத்தில் நின்றுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஈழத்து அங்கத மரபு முன்னைவிட அகன்று தெரியும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரித் தோட்டத்து வெருளி’யையும் அந்த வரிசையின் முன்னே வைக்கலாம்.

ஏ. ஈ. மனோகரனின் பங்கு வேறு. அவர் நடிகர், பாட்டையும் நடித்தவர். ‘பாசநிலா’விலும் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்திலும் தோன்றினார். தமிழகம் போய் அங்கே வில்லன் வேடங்களில் நிலைத்தார். அவரால் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்தது. காதலிக்காக மீன் கொண்டுவந்திருக்கும் ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூவுகிறான். பாட்டின் பொருள் அவ்வளவுதான். கரையில் வந்திறங்கிய மீனைப் பற்றிச் சொல்வதும் காதலைப் பற்றிச் சொல்வதும் ஒரே கூவலாகிவிடுகிறது. மீன்காரனின் விலைக்கூவல் ஏற்கெனவே பாதிப் பாட்டு. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கமோ கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெருக்களிலோ காலையில் நடந்தவர்களுக்கு அந்த இழுப்பு நன்கு தெரியும். மீன்காரன் சிங்களத்தில் கூவ, வீட்டுக்காரி தமிழில் பேரம் பேச, இருவரும் மற்றவர் மொழியில் விலையை முடிக்கும் வழக்கம் கொழும்பில் புதிதல்ல. பாட்டில் இரு மொழியும் ஒன்றையொன்று விளக்காமல் அடுத்தடுத்து நிற்பது அந்த வழக்கத்தின் நேர்ப்பதிவு. இந்த மெட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தபோதும் சிங்களப் பல்லவி அப்படியே இருந்தது. பொருள் தெரியாமலே தமிழகம் அதைப் பாடியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

கொழும்பில் இந்தப் பாட்டுக்கு வீடு கொடுத்த இடங்களில் கொட்டாஞ்சேனைக்குத் தனி இடம் உண்டு. புனித லூசியா பேராலயத்தைச் சுற்றி வாழும் தமிழ்க் கத்தோலிக்கர், பரதர், கொழும்புச் செட்டிமார் ஆகியோரின் வீடுகளில் வயலினும் கிற்றாரும் தேவாலயப் பாடற்குழு வழியாகவே வந்து சேர்ந்தன. கூட்டுக்குரலில் பாடும் பழக்கமும் அங்கிருந்தே வந்தது. திருமண வரவேற்பில் கேக் வெட்டி முடிந்து, பெரியவர்கள் சாப்பாட்டு மேசைக்கு எழுந்த பிறகு, குழு பைலாவுக்கு மாறும் அந்தக் கணத்தில் தமிழ்ப் பாட்டும் சிங்களப் பாட்டும் நிறுத்தமில்லாமல் ஒன்றையொன்று தொடரும். வெள்ளவத்தையின் பழக்கம் சற்று வேறு. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் உள்ள அந்தப் பக்கத்தில் கர்நாடக இசைக் கச்சேரியும் கவியரங்கும் பட்டிமன்றமுமே மேடையின் அன்றாடம். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்கள் காலி வீதியின் இருபுறமும் நிறைந்திருந்த அந்தப் பகுதியில் பொப் பாடல் பெரும்பாலும் வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் நுழைந்தது.

இசைத்தட்டும் பாடலாசிரியனுக்கு ஒரு யாப்பு. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட சிறிய தட்டுகளில் ஒரு பாட்டுக்குச் சில நிமிடமே இடம். மேடையில் பதினைந்து கண்ணி வரை இழுத்துக்கொண்டு போகக்கூடிய பாட்டு, தட்டுக்கு வரும்போது மூன்று நான்கு கண்ணியாகச் சுருங்கும். மிகக் கூர்மையான கண்ணிகளே தப்பும். இன்று நாம் கேட்பது அந்தச் சுருக்கத்தைத்தான். மேடையில் அவ்வப்போது ஊருக்கேற்பச் சேர்த்த வரிகள், அமைச்சரையும் அரிசி விலையையும் இழுத்துப் போட்ட கண்ணிகள், காற்றோடு போயின. வாத பைலாவின் பிள்ளைகளான இந்தப் பாடல்களுக்கு அது பெரிய இழப்பு.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக எழுந்த வன்செயல் எல்லாவற்றையும் மாற்றியது. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பில் கிற்றாரோடு தமிழ்ப் பாட்டுப் பாடிய மேடைகள் குறைந்தன. பாடகர்கள் சிதறினர், நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மருமகன் மாமி வாசலில் நின்று கேட்கும் கேள்வி, வாசலே இல்லாமற் போனவர்களுக்கு வேறு பொருள் தந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் நடக்கும் ஒன்றுகூடல்களில் இந்தப் பாடல்கள் ஊரின் பேச்சைக் காப்பாற்றும் ஒலிநாடாக்களாயின. ஊரில் அன்று எழுந்த பாடல்களோ போரின் பாடல்கள். புதுவை இரத்தினதுரையும் காசி ஆனந்தனும் எழுதியவை. சிரிப்புக்கு அங்கே இடம் குறைவு.

தமிழ்ப் பொப் எழுந்த அதே காலத்தில் உலகெங்கும் பாட்டுக்கும் கவிதைக்கும் இடையிலான வேலி பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. லெனார்ட் கோஹன் 1956இல் கவிதை நூலோடு தொடங்கி 1967இல் இசைத்தட்டுக்கு வந்தவர். ‘டோர்ஸ்’ குழுவின் ஜிம் மொரிசன் 1969இல் தம் கவிதைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பொப் டிலனுக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு அறிவிக்கப்பட்டபோது பாட்டு இலக்கியமாகுமா என்ற விவாதம் உலக ஏடுகளில் நடந்தது. பாணரையும் பண்ணையும் அறிந்த தமிழுக்கு அந்த விவாதம் வேண்டியதே இல்லை.

ஈழத்துப் பேச்சை உலக மேடைக்கு இழுத்துச் சென்ற இன்னொருவர் எம்.ஐ.ஏ. எனும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்து, 1986இல் மீண்டும் லண்டன் சேர்ந்தவர். தந்தையின் இயக்கப் பெயரில் 2005இல் ‘அருளர்’ தொகுப்பையும், தாயின் பெயரில் 2007இல் ‘கலா’வையும் வெளியிட்டார். ‘கலா’வில் தமிழகத்து உறுமி ஒலிக்கிறது. அவர் எழுதுவது ஆங்கிலத்தில். எனினும் கூவல், விளி, சிறுவர் எண்ணிப் பாடும் பாட்டின் அடுக்கு ஆகியவற்றால் வரி கட்டும் முறை முன்னைய பொப் பாடகர்களோடு அவரை உறவாக்குகிறது. பாடலின் பொருள் முற்றிலும் வேறு: அகதி, எல்லை, கடவுச்சீட்டு, துப்பாக்கி. கொழும்பில் 2002 போர்நிறுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் எழுந்த தமிழ் றப் பாடலும் இந்த மரபில் வந்ததே. கிரிஷான் மகேசனும் ஏ.டி.கே. எனும் தினேஷ் கனகரத்தினமும் அதன் அறியப்பட்ட பெயர்கள். வாத பைலாவில் இருவர் எதிரெதிரே நின்று வரி கட்டியதற்கும் றப் மேடையில் இருவர் மோதிக்கொள்வதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

இப்போது தேவைப்படுவது இந்தப் பாடல்களின் செம்மையான பதிப்பு. இணையத்தில் உலவும் வரிகளில் கேட்டெழுதியவர்களின் பிழை மலிந்திருக்கிறது. ஈழத்துப் பேச்சு தமிழகத்துப் பேச்சாகத் திருத்தப்பட்டிருப்பதும் உண்டு. எழுதியவர் பெயர் பல இடங்களில் இல்லை. பாடியவரே எழுதியவராகக் கொள்ளப்படுகிறார். பரிபாடலின் பெரும்பாலான பாட்டுகளின் அடியில் பாடியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது என்று நம் முன்னோர் குறித்துவைத்தார்கள். அதே மூன்று விவரமும், இசைத்தட்டின் ஆண்டும், மேடையில் பாடிய மாற்றுக் கண்ணிகளும் சேர்ந்தால் பதிப்பு நிறைவாகும். ஈழத்துச் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேர்த்துவைத்திருக்கிறது. 1960கள், 70களின் இசை விமர்சனங்களையும் விளம்பரங்களையும் அங்கே தேடலாம். அந்தக் காலத்துக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். வேலை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.